முருகைக்கல்லும் கண்ணாடித் தொட்டியும்

திருவண்ணாமலையில் உட்கார்ந்துகொண்டு கடல் கல்லைப் பற்றி எழுதுவது கொஞ்சம் வேடிக்கைதான். கடல் இங்கிருந்து நூறு கிலோமீட்டருக்கு மேல். ஆனா "உயிருள்ள கல்" என்ற சொல் இந்த ஊருக்குப் புதுசு இல்லை. மலையையே சாமியா நினைச்சு பௌர்ணமிக்குப் பௌர்ணமி லட்சக்கணக்கில் சுற்றி வர்ற ஊர் இது. நான் சொல்லப்போறது அந்தக் கல்லை இல்லை. உப்புத்தண்ணி மீன்தொட்டி வைத்திருப்பவர்கள் "லைவ் ராக்" என்கிறார்களே, அந்தக் கல்லை.

பெயர் லைவ் ராக் என்றாலும் கல்லுக்கு உயிர் கிடையாது. செத்த பவள உயிரிகள் விட்டுப்போன சுண்ணாம்புக் கூடு அது. உயிர் இருப்பது அதன் துளைகளில்: பாக்டீரியா, பாசி, கடற்பஞ்சு, சின்னச் சின்னப் புழுக்கள். மீன் கழிவிலிருந்து வரும் அமோனியாவை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றுவது இந்த பாக்டீரியாக் கூட்டம்தான். இந்தக் கல்லை வைத்தே தொட்டியை ஓட்டலாம் என்று ஜகார்த்தாவின் லீ சின் எங் 1961-ல் ஒரு மீன்வளர்ப்பு இதழில் எழுதினார். அவரிடம் பெரிய வடிகட்டி எதுவும் இல்லை. கடல் தண்ணீர், கல், காற்றுக்குமிழ், அவ்வளவுதான். பின்னால் பெர்லின்காரர்கள் இதை ஒரு முறையாகவே வளர்த்தெடுத்தார்கள்.

நம்ம கரையில் இதே கல்லுக்குப் பெயர் முருகைக்கல். இங்கே அதன் வரலாறு மீன்தொட்டியில் தொடங்கவில்லை, சுண்ணாம்புச் சூளையில் தொடங்குது.

கால்சியம் கார்பனேட்டைச் சுட்டால் சுண்ணாம்பு. உள்நாட்டில் அதுக்குச் சுக்கான்கல் கிடைக்கும், கரையோரத்தில் கிளிஞ்சல். திருவண்ணாமலை ராஜகோபுரத்திலும் அடித்தளம்தான் கருங்கல், மேல்நிலைகள் செங்கல்லும் சுண்ணாம்புச் சுதையும். மன்னார் வளைகுடாப் பக்கம் முருகைக்கல்லே கைக்கெட்டும் தூரத்தில் கிடந்தது. யாழ்ப்பாணக் கோட்டைச் சுவரிலும் தனுஷ்கோடியில் இடிந்து நிற்கும் தேவாலயத்திலும் அதை இன்றைக்கும் பார்க்கலாம். பொறுமையாக உற்றுப் பார்த்தால் பூப்பூவாகப் பவள வடிவம் தெரியும்.

கட்டடத்துக்கு எடுத்தவரை கடல் தாங்கியிருக்கும் என்றுதான் நினைக்கிறேன். தொழிற்சாலைக்கு எடுக்கத் தொடங்கியபோதுதான் கணக்கு மாறியது. சிமெண்ட், கால்சியம் கார்பைடு, சூளைச் சுண்ணாம்பு, ரோடு போட ஜல்லி என்று எல்லாவற்றுக்கும் போனது. கடப்பாரையால் பெயர்த்து, வல்லத்தில் ஏற்றி, கரையில் குவித்தார்கள். மகாதேவன், நாகப்பன் நாயர் என்ற இரு ஆய்வாளர்கள் 1972-ல் தந்த மதிப்பீடு: பாக் நீரிணையிலும் மன்னார் வளைகுடாவிலும் சேர்த்து வருஷத்துக்குச் சுமார் 25,000 டன். பாரம் தூக்கி வயிறு கழுவியவர்களைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. வாங்க ஆள் இருந்தது, எடுக்காதே என்று சொல்லச் சட்டம் இல்லை.

மண்டபத்திலிருந்து தூத்துக்குடி வரை அங்கே 21 தீவுகள். அவற்றில் பூவரசன்பட்டி, விலாங்குசல்லி இரண்டும் இப்போ தண்ணிக்கு மேல இல்லை. தீவைச் சுற்றியுள்ள பார்தான் அலையின் வேகத்தை உடைக்கும். பார் போச்சுன்னா மணல் போகும், மணல் போச்சுன்னா தீவு போகும். 1986-ல் இந்தப் பகுதி கடல்சார் தேசியப் பூங்கா ஆனது. கல்லெடுப்பு அதோடு நிற்கவில்லை. 2001 ஜூலையில்தான் கல்பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணைக்குள் வந்தன, புலி இருக்கும் அதே அட்டவணை. தூத்துக்குடிப் பக்கம் எடுப்பு ஓய 2005 ஆகிவிட்டது.

எல்லா இடத்திலும் இதே கதை. இலங்கையின் தென்மேற்குக் கரையிலும் சூளைக்காகப் பவளம் வெட்டினார்கள். 2004 சுனாமிக்குப் பிறகு போன ஆய்வாளர்கள் ஒரு விஷயத்தைக் கவனித்தார்கள். பார் தப்பியிருந்த ஹிக்கடுவையில் அலை 2, 3 மீட்டர்தான். சில கிலோமீட்டர் வடக்கே, பவளம் வெட்டப்பட்ட பெரலியவில் சுமார் 10 மீட்டர். ரயில் ஒன்றை அலை அடித்துப்போனது அங்கேதான். அமெரிக்காவிலோ அலங்காரத் தொட்டிக்காகவே புளோரிடாவில் டன் டன்னாகக் கல் எடுத்தார்கள். கூட்டாட்சிக் கடற்பகுதியில் 1997-லிருந்து அது தடை. இப்போ குத்தகை இடத்தில் சாதாரணச் சுண்ணாம்புக்கல்லைக் கடலில் கொட்டி, உயிர் ஏறிய பிறகு எடுத்து விற்கிறார்கள். நல்ல யோசனை.

சரி, தொட்டியில் ஏற்கெனவே கல் இருக்கு, வெளியே எடுக்கணும் என்றால்? தீவுக்கு நடந்ததுதான் இங்கேயும், அளவு மட்டும் சிறுசு. மொத்தக் கல்லையும் ஒரே நாளில் எடுத்தால் அமோனியாவைத் தின்ன ஆளில்லை. மீன் சாகும். கொஞ்சம் எடுத்து, சில வாரம் விட்டு, அமோனியாவும் நைட்ரைட்டும் சுழியமாக நிற்கிறதா என்று சோதித்த பிறகு அடுத்ததை எடுக்கணும். எடுத்த கல்லை அதே தொட்டித் தண்ணீரில், மோட்டாரும் ஹீட்டரும் ஓட வைக்கணும். காய்ந்தால் உள்ளே இருப்பதெல்லாம் செத்து அழுகும், திரும்ப உள்ளே போட்டால் அதுவே அமோனியா ஊற்று. அடியில் சாய்ந்திருக்கும் கல்லை உருவும்போது மேலே இருப்பது சரிந்து கண்ணாடியை உடைக்கும், அதனால மேலிருந்து கீழே வாங்க.

கையுறை கட்டாயம். இன்னொன்று, கல்லைச் சுத்தம் பண்ண ஒருபோதும் கொதிக்க வைக்காதீங்க. சில கல்லில் ஒட்டியிருக்கும் சோவாந்திட் என்ற பொத்தான் மாதிரியான பவள உறவுகளில் பாலிடாக்சின் இருக்கும், 1971-ல் ஹவாயில் பிரித்தெடுத்துக் காட்டிய நஞ்சு. ஆவியை மூச்சில் இழுத்துக் குடும்பத்தோடு ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள் வெளிநாட்டில் பலர்.

ராமேஸ்வரம் கரையில் கிடக்கும் பவளத் துண்டை "செத்த கல்தானே" என்று பையில் போட்டு வருபவர்களுக்கும் சொல்லணும்: சட்டம் செத்ததையும் சேர்த்தே பாதுகாக்குது. தண்டனை மூன்று முதல் ஏழு வருஷம் சிறை.

தூத்துக்குடி அருகே வான்தீவும் தேய்ந்துகொண்டே வந்தது. அதைச் சுற்றி 2015-லிருந்து கான்கிரீட் செயற்கைப் பார்களை இறக்கியிருக்கிறார்கள். அலையை அவை உடைக்கின்றன, மேலே பவளக் குஞ்சுகளும் ஒட்டத் தொடங்கிவிட்டன.