தாய்மைக்கு ஆறு மாதம்!

பால் மறந்த பிள்ளை முதன்முதல் சோற்றைச் சுவைக்கும் நாள், தாய்க்கு மகிழ்ச்சி நாள். ஆனால் வான் டீமன் நிலம் என அந்நாளில் அழைக்கப்பட்ட தாஸ்மேனியாத் தீவிலோ, அந்நாள் தண்டனை தொடங்கும் நாள்!

கதையல்ல தோழர்களே, சட்டம். வெள்ளையர் வகுத்த சட்டம்.

இங்கிலாந்திலும் அயர்லாந்திலும் துணியோ கரண்டியோ திருடிய ஏழைப் பெண்கள், ஏழாண்டும் அதற்கு மேலும் தண்டனை பெற்று அத்தீவுக்குக் கப்பலேற்றப்பட்டனர். 1853-இல் இக்கொடுமை நிற்கும்வரை அங்கு இறக்கப்பட்டோர் ஏறத்தாழ 12,500 பேர். குடியேறிய சீமான்களின் வீடுகளில் கூலியற்ற வேலைக்காரிகளாக அவர்கள் ஒப்படைக்கப்பட்டனர். எதிர்த்துப் பேசினாலோ, ஓடினாலோ, குடித்தாலோ ஹோபார்ட் நகரின் காஸ்கேட்ஸ் 'பெண்கள் தொழிற்சாலை'க்கு அனுப்பப்பட்டனர். தொழிற்சாலையாம்! 1828-இல் ஆளுநர் ஆர்தர் காலத்தில் திறக்கப்பட்ட சிறைதான் அது. முன்பு சாராயம் வடித்த இடம். மலை நிழலில், ஓடைக்கரையில், ஈரம் வற்றாத சுவர்கள்.

உள்ளே மூன்று வகுப்பு. வருணத்தை நாம் மட்டும்தான் கண்டுபிடித்தோம் என்று எண்ணவேண்டா! கடைசி வகுப்பு, குற்ற வகுப்பு. அவர்கள் சட்டையின் முதுகிலும் கையிலும், பாவாடையின் பின்புறத்திலும் மஞ்சள் நிறத்தில் 'சி' என்ற ஆங்கில எழுத்து. வேலையோ, தொட்டி தொட்டியாகத் துணி வெளுப்பது, கம்பளி சிக்கெடுப்பது, நூல் நூற்பது. மீறினால் இருட்டறை, ரொட்டியும் தண்ணீரும். சிலவேளை தலைமயிரும் கத்தரிக்கப்படும்.

வேலை செய்த வீட்டில் கருவுற்றவள் என்ன ஆனாள்? தொழிற்சாலைக்கே திருப்பப்பட்டாள். அங்கே பெற்றாள், பாலூட்டினாள். பால் மறந்ததும் பிள்ளையைப் பிரித்தெடுத்து, அவளைக் குற்ற வகுப்பில் ஆறு மாதம் தள்ளினர். குற்றம்? தாயானது! தாயாக்கியவன் எசமானனா, எசமானன் மகனா, உடனுழைத்த கைதியா? எவனாயினும் அவன் பெரும்பாலும் ஊரில் தலைநிமிர்ந்து நடந்தான். கற்பு ஒருத்திக்கு மட்டும் எழுதப்பட்ட சட்டம் என்பதில் கிழக்கும் மேற்கும் கைகோத்து நின்றதை நாம் காண்கிறோம்.

நெரிசலும் ஈரமும் நிறைந்த அச்சிறையில் குழந்தைகள் நூற்றுக்கணக்கில் மடிந்தன. ஹோபார்ட் பத்திரிகைகள் கண்டித்தன. 1838-இல் மரண விசாரணை நடந்தது. குழந்தைகள் நகரத்து வீடொன்றுக்கு மாற்றப்பட்டனர். சாவு நிற்கவில்லை.

பிழைத்த பிள்ளைகளோ, தாய் உயிரோடிருக்கையிலேயே அநாதை விடுதிக்கு அனுப்பப்பட்டனர். அவ்விடுதியின் அழுக்குத் துணி வந்து சேர்ந்த இடம், காஸ்கேட்ஸ் குற்ற வகுப்பின் தொட்டி.