காப்பிப் பானையில் தொடங்கிய கதை: மலிவு விலை வெப்கேம் வந்த வழி

2020 மார்ச் 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை அமலுக்கு வந்தது. அடுத்த சில வாரங்களில் உலகம் முழுக்க வெப்கேமுக்குத் தட்டுப்பாடு, விலையும் ஏறிப்போச்சு. இல்லிருப்புக் கற்றல் கற்பித்தலுக்காக அவசரத்தில் கிடைத்ததை வாங்கிய ஆசிரியர்கள் நிறைய. இன்றைக்கும் கேட்கிறார்கள்: "சார், கம்மி விலையில எந்தக் கேமரா வாங்கலாம்?" அதற்கு விலைப்பட்டியலைவிட வரலாறு நல்ல பதில் சொல்லும்.

முகம் பார்த்துப் பேசும் ஆசை பழசு. அமெரிக்காவின் ஏ.டி.&டி. நிறுவனம் 1964இல் நியூயார்க் உலகக் கண்காட்சியில் 'பிக்சர்ஃபோன்' கருவியைக் காட்டியது. 1970இல் பிட்ஸ்பர்க் நகரில் கட்டணச் சேவையாகவும் தொடங்கியது. மாதக் கட்டணம் 160 டாலர்! யார் கொடுப்பார்கள்? கொடுத்தாலும், எதிர்முனையில் இருப்பவரிடமும் அதே கருவி இருக்க வேண்டுமே. சேவை படுத்துவிட்டது. தொழில்நுட்பம் தயாராக இருந்தும் விலை தயாராக இல்லை என்பதற்கு இது நல்ல சான்று. காரணம், விளைவு எழுதிப் பழகும் மாணவர்கள் இதைக் குறித்துக்கொள்ளலாம்.

அடுத்த கட்டம் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில், 1991இல். 'ட்ரோஜன் ரூம்' என்ற அறைக்கு வெளியே இருந்த பானையில் காப்பி இருக்கிறதா என்று தங்கள் மேசையிலிருந்தே பார்க்க, ஆய்வாளர்கள் ஒரு கேமராவைப் பொருத்தினார்கள். படம் 128க்கு 128 புள்ளி, கறுப்பு வெள்ளை, அவ்வளவுதான். 1993இல் அது உலக வலையில் ஏறியது, 2001 ஆகஸ்டில் நிறுத்தப்பட்டது. ஒரு வெற்றுப் பானையைப் பார்க்க உலகமே வந்தது என்பதுதான் வேடிக்கை.

1994இல் கனெக்டிக்ஸ் நிறுவனம் 'குவிக்கேம்' என்ற உருண்டைக் கேமராவை ஏறக்குறைய 100 டாலருக்கு விற்றது. 320க்கு 240 புள்ளி, 16 சாம்பல் நிறங்கள். சாதாரண வீட்டுக்குள் நுழைந்த முதல் வெப்கேம் இதுதான் எனலாம். 1998இல் லாஜிடெக் அந்தத் தொழிலை வாங்கிக்கொண்டது.

விலை ஏன் மேலும் இறங்கியது? இங்கேதான் நம்ம பினாங்கின் கதையும் சேர்கிறது. 1969இல் தடையற்ற துறைமுகத் தகுதி போனது, வேலையின்மை கடுமையானது. அன்றைய முதலமைச்சர் லிம் சோங் இயூ தொழிற்சாலைகளை அழைத்தார். 1972இல் பாயான் லெப்பாஸில் தடையற்ற வணிக மண்டலம் திறந்தது. இன்டெல், ஹியூலெட்-பெக்கார்ட், ஹிட்டாச்சி, போஷ் உள்ளிட்ட முதல் எட்டு நிறுவனங்களை 'எட்டு சாமுராய்கள்' என்பார்கள். உருப்பெருக்கியில் கண் பதித்துச் சில்லுகளுக்கு மெல்லிய கம்பி இணைத்தவர்கள் பெரும்பாலும் இளம்பெண்கள். வெப்கேம் இங்கே பிறந்தது என்று சொல்ல வரவில்லை. ஆனால் இப்படிப்பட்ட ஊர்களில் சில்லு பொருத்தும் வேலை மலிவானதால்தான் சில்லு உள்ள பொருள்களும் மலிவாயின. 1990களின் தொடக்கத்தில் நாசாவின் ஆய்வகத்தில் எரிக் ஃபோசம் குழு உருவாக்கிய சீமாஸ் உணரி, கணினிச் சில்லு செய்யும் அதே முறையில் செய்யக்கூடியது. பழைய சி.சி.டி. உணரிக்குத் தேவைப்பட்ட துணைச் சில்லுகள் பல ஒரே சில்லுக்குள் அடங்கின. கேமரா விலை சரிந்தது.

இன்னொரு திருப்பம் 2003இல். அதுவரை ஒவ்வொரு கேமராவுக்கும் ஒரு குறுந்தட்டு, ஒரு இயக்கி மென்பொருள். கணினி மாறினால் கேமரா குப்பைக்குப் போகும். அந்த ஆண்டு வந்த யு.வி.சி. என்ற பொது விதி அதை மாற்றியது. செருகினால் வேலை செய்யும். ஆகவே கொம்தார் பக்கம் கடையில் பேரம் பேசும்போது முதல் கேள்வி இதுதான்: "மென்பொருள் இல்லாம ஓடுமா?" முடிந்தால் கடையிலேயே மடிக்கணினியில் செருகிப் பாருங்க.

பெட்டியில் பெரிய 'மெகாபிக்சல்' எண் இருந்தால் மயங்க வேண்டாம். மலிவுக் கேமராவில் அது பல நேரம் மென்பொருள் ஊதிப் பெரிதாக்கிய எண். உண்மையான 720 வரிப் படம் பாடம் நடத்தப் போதும். உணரி சிறிது என்பதால் வெளிச்சம் குறைந்தால் படம் புள்ளி புள்ளியாகும். முகத்துக்கு முன்னால் ஒரு மேசை விளக்கை வைத்தால் சரியாகிவிடும். சன்னலுக்கு முதுகு காட்டி உட்காராதீங்க. கைவசம் பழைய திறன்பேசி இருந்தால் அதையே வெப்கேமாக்கும் செயலிகள் உண்டு. அதன் உணரி பெரும்பாலும் மலிவு வெப்கேமைவிட மேல்.

மிச்சமாகும் ரிங்கிட்டை ஒலிவாங்கிக்குக் கொடுங்க என்பது என் கட்சி. நாம் கூர்மையான படம் அனுப்ப அனுப்ப, பார்க்கும் பிள்ளையின் தரவும் கூடுதலாகக் கரைகிறது. மூன்று பிள்ளைகள் ஒரே கைபேசியை மாற்றி மாற்றிப் பயன்படுத்தும் வீட்டில், முன்பணத் தரவு தீர்ந்தால் வகுப்பும் அங்கேயே நிற்கும். அந்தப் பிள்ளைக்கு ஆசிரியர் முகம் சற்று மங்கினாலும் பரவாயில்லை, குரல் தெளிவாகக் கேட்க வேண்டும்.