வீட்டிலேயே மென்பிளாஸ்டிக் தூண்டில் இரை: செய்முறையும் கவனிக்க வேண்டியவையும்

சிங்கப்பூரின் நீர்த்தேக்கங்களில் மண்புழுவையோ இறாலையோ முள்ளில் கோத்துத் தூண்டில் போட அனுமதியில்லை. பொதுப் பயனீட்டுக் கழகம் ஒதுக்கியுள்ள இடங்களில், செயற்கை இரையைக் கொண்டு மட்டுமே மீன் பிடிக்கலாம். அதனால் பிடோக், மெக்ரிட்சி, லோவர் சிலேத்தார் போன்ற நீர்த்தேக்கங்களின் கரையில் தூண்டிலுடன் நிற்பவர்களின் பெட்டியில் புழு, தவளை, சிறுமீன் வடிவங்களில் மென்பிளாஸ்டிக் இரைகள் தவறாமல் இருக்கும்.

இந்த இரைகள் நெடுநாள் உழைப்பதில்லை. விரால் இனத்தைச் சேர்ந்த தோமான் மீன் ஒருமுறை கடித்தாலே வால் போய்விடும். பீகாக் பாஸ் நான்கைந்து முறை தாக்கினால் முள் கோத்த இடம் கிழிந்துவிடும். கடையில் வாங்கிய ஒரு பொட்டலம் ஒரே காலையில் தீர்ந்துபோவதும் உண்டு. கிழிந்தவற்றை வீசாமல் உருக்கி, மீண்டும் வார்த்துக்கொள்ளலாம் என்பதை அறிந்த பலர் இரைகளைத் தாங்களே செய்யத் தொடங்குகின்றனர்.

செய்முறை கடினமானதன்று. ஆனால் கொதிக்கும் நீரைவிட மிகச் சூடான, ஒட்டும் தன்மையுள்ள ஒரு திரவத்தை வீட்டில் கையாள வேண்டியிருக்கிறது. வெப்பம், ஈரம், காற்றோட்டம் ஆகிய மூன்றையும் புரிந்துகொண்ட பிறகே இதில் இறங்க வேண்டும்.

சமையலறையில் பிறந்த இரை

மென்பிளாஸ்டிக் இரையின் தொடக்கமே ஒரு வீட்டுச் சமையலறைதான். அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் உள்ள ஏக்ரன் நகரில், 1949ஆம் ஆண்டு நிக் கிரீம் என்பவரும் அவருடைய மனைவி காஸ்மாவும் வினைல், எண்ணெய், நிறமி ஆகியவற்றை அடுப்பில் கலந்து உருக்கிப் பார்த்தனர். உண்மையான மண்புழுவைக் கொண்டு அச்சு எடுத்து, அதில் வார்த்த புழு நீரில் உயிருள்ளதுபோல் நெளிந்தது. அதுவரை ரப்பரால் செய்யப்பட்ட இரைகள் விறைப்பாக இருந்ததால், புதிய புழுவுக்கு வரவேற்பு கிடைத்தது. அவர்கள் தொடங்கிய நிறுவனம் பின்னர் டெக்சஸ் மாநிலத்தின் டைலர் நகருக்கு இடம்பெயர்ந்தது.

மூலப்பொருள் என்ன?

இன்று வீட்டில் செய்வோர் பயன்படுத்துவது பிளாஸ்டிசால் எனும் திரவம். பிவிசி பிசின் துகள்கள், பிளாஸ்டிக்கை இளக்கும் எண்ணெய் ஒன்றில் மிதந்துகொண்டிருக்கும் கலவை இது. புட்டியில் இருக்கும்போது பால்போல் வெண்மையாக இருக்கும். சூடேறும்போது துகள்கள் எண்ணெயை உறிஞ்சி வீங்குகின்றன. மேலும் சூடேறினால் ஒன்றோடொன்று கலந்து தெளிந்த திரவமாகின்றன. ஆறியதும் அது வளையும் தன்மையுள்ள திடப்பொருளாகிவிடும்.

புட்டி சில நாள் அசையாமல் இருந்தால் துகள்கள் அடியில் தங்கிவிடும். எனவே ஒவ்வொரு முறையும் ஊற்றுவதற்கு முன் நன்றாகக் குலுக்க வேண்டும். குலுக்காமல் மேலே உள்ளதை மட்டும் ஊற்றினால் இரை கொழகொழவென்று வரும்.

பழைய வகை இளக்கிகளில் தாலேட் எனும் வேதிப்பொருள்கள் இருந்தன. அவற்றில் சிலவற்றைக் குழந்தைகளின் விளையாட்டுப் பொருள்களில் சேர்ப்பதற்குப் பல நாடுகள் கட்டுப்பாடு விதித்துள்ளன. தாலேட் இல்லாத பிளாஸ்டிசால் இப்போது கிடைப்பதால், வாங்கும்போது புட்டியின் மேல் உள்ள விவரத்தைப் படித்துத் தேர்ந்தெடுப்பது நல்லது.

அச்சு தயாரித்தல்

புதிதாகத் தொடங்குவோருக்கு ஏற்றது, ஒரு பக்கம் தட்டையான இரைக்கான திறந்த அச்சு. இதற்குப் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் போதும்.

தட்டையான அடியுள்ள ஒரு சிறு பெட்டியில், மாதிரி இரையின் தட்டைப் பக்கம் கீழே இருக்கும்படி சிறிது பசையால் ஒட்ட வேண்டும். மாதிரியின் மீதும் பெட்டியின் உட்புறத்திலும் மெல்லிதாக வேஸலின் தடவ வேண்டும். இரண்டு பங்கு பிளாஸ்டர் மாவுக்கு ஒரு பங்கு நீர் என்ற அளவில் கட்டியில்லாமல் கரைத்து, மெதுவாக ஊற்ற வேண்டும். பெட்டியை மேசைமீது சில முறை தட்டினால் காற்றுக்குமிழிகள் மேலே வந்துவிடும். ஒரு மணி நேரத்துக்குப் பிறகு கவிழ்த்து, மாதிரியை எடுத்துவிடலாம்.

அடுத்த கட்டத்தில்தான் பலர் அவசரப்படுகின்றனர். கைக்குக் காய்ந்ததுபோல் தோன்றும் பிளாஸ்டரின் உள்ளே இன்னும் நீர் இருக்கும். அதன்மீது சூடான பிளாஸ்டிசாலை ஊற்றினால் நீர் ஆவியாகி, இரையில் ஓட்டைகளை உண்டாக்கும். ஈரம் அதிகமாக இருந்தால் சூடான திரவம் மேலே தெறிக்கவும் கூடும். நம் ஊர்க் காற்றின் ஈரப்பதத்தில் அச்சு முழுமையாகக் காய ஒரு வாரம் ஆகலாம். அச்சைத் தினமும் எடைபோட்டுப் பார்த்து, எடை குறைவது நின்ற பிறகே பயன்படுத்துவது பாதுகாப்பான வழி.

காய்ந்த அச்சின்மீது, சம அளவு நீர் கலந்த வெள்ளைப் பசையை மெல்லிய பூச்சாக மூன்று நான்கு முறை பூச வேண்டும். ஒவ்வொரு பூச்சும் காய்ந்த பிறகே அடுத்தது. இப்படிச் செய்தால் மேற்பரப்பு வழவழப்பாகும், இரையும் எளிதில் கழன்று வரும். கடைசிப் பூச்சுக்குப் பிறகும் அச்சை ஓரிரு நாள் உலரவிட வேண்டும்.

வெப்பம் தாங்கும் சிலிக்கோன் அச்சு நீண்டநாள் உழைக்கும். இரு பக்கமும் உருண்ட இரைகளுக்கு இரண்டு பாகங்கள் கொண்ட அலுமினிய அச்சு கிடைக்கிறது. அதன் விலை அதிகம்.

கடையில் வாங்கிய இரையைச் சொந்தப் பயன்பாட்டுக்காக மாதிரியாக வைத்துப் பழகுபவர்கள் உண்டு. ஆனால் செய்ததை விற்க நினைப்போர், களிமண்ணில் தாங்களே செதுக்கிய வடிவத்தைப் பயன்படுத்துவதே முறை. பதிவுசெய்யப்பட்ட வடிவமைப்புகளுக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு.

உருக்கும் பதம்

வெப்பம் தாங்கும் கண்ணாடி அளவைக் குவளை, கிளற ஓர் உலோகக் கரண்டி, வெப்பமானி, தடித்த தோல் கையுறை, கண்ணாடிக் கவசம் ஆகியவை தேவை. உருக்குவதற்கு மைக்ரோவேவ் அடுப்பைப் பயன்படுத்துவதாயின், அது இந்த வேலைக்கு மட்டுமே ஒதுக்கப்பட்டதாக இருக்க வேண்டும். இதற்குப் பயன்படுத்திய அடுப்பையும் குவளையையும் மறுபடி உணவுக்குப் பயன்படுத்தக் கூடாது.

முதல் முறைக்கு 100 மில்லிலிட்டருக்கு மேல் உருக்கத் தேவையில்லை. ஒரு நிமிடம் சூடாக்கி வெளியே எடுத்துக் கிளற வேண்டும். கரண்டியை வெளியே எடுத்துவிட்டு, அதன்பின் 20 முதல் 30 விநாடிகள் என்று சிறிது சிறிதாகச் சூடாக்கி, ஒவ்வொரு முறையும் கிளற வேண்டும். மைக்ரோவேவில் சூடு ஒரே சீராகப் பரவாது என்பதால், கிளறாவிட்டால் ஓரிடம் கருகும், இன்னோரிடம் பச்சையாகவே இருக்கும்.

பாகு காய்ச்சுவதுபோல் இதிலும் பதம் பார்க்க வேண்டும். முதலில் பால்போல் இருந்தது, பிறகு கூழாகிக் கட்டிதட்டும். கெட்டுப்போனதாக நினைத்துப் புதியவர்கள் கைவிடுவது இந்த நிலையில்தான். தொடர்ந்து சூடாக்கினால் கட்டிகள் கரைந்து, கண்ணாடிபோல் தெளிந்து, தேன்போல் ஒழுகும். அப்போது வெப்பமானி ஏறத்தாழ 170 முதல் 177 டிகிரி செல்சியஸ் காட்ட வேண்டும். தொடாமல் அளக்கும் அகச்சிவப்பு வெப்பமானி மேற்பரப்பின் சூட்டை மட்டுமே காட்டும். எனவே கிளறிய உடனே அளக்க வேண்டும்.

177 டிகிரியைத் தாண்டி வெகுதூரம் போகவிடக் கூடாது. திரவம் மஞ்சளாக மாறுவது முதல் எச்சரிக்கை. பழுப்பு நிறமும் மூக்கைத் துளைக்கும் நெடியும் வந்தால், பிவிசி சிதைந்து ஹைட்ரஜன் குளோரைடு வாயு வெளியேறுகிறது என்று பொருள். அது கண்ணிலும் தொண்டையிலும் உள்ள ஈரத்தோடு சேர்ந்து அமிலமாகி எரிச்சலூட்டும். உடனே மின்சாரத்தை நிறுத்திவிட்டு, அறையைவிட்டு வெளியேற வேண்டும். கருகிய கலவையைக் காப்பாற்ற முயலாமல், ஆறிய பிறகு எறிந்துவிடலாம்.

நிறம், மினுக்கு, உப்பு

நிறமியைச் சில துளிகளாகச் சேர்த்தாலே போதும். தெளிந்த நீருக்கு ஒளி ஊடுருவும் பழுப்பு, பச்சை போன்ற இயற்கை நிறங்கள் ஏற்றவை. மழைக்குப் பின் கலங்கிய நீரில் கறுப்பு, கருநீலம், பளிச்சிடும் மஞ்சள் ஆகியவை மீனின் கண்ணில் எளிதில் படும். மினுக்குத் தூளைக் கடைசியில் சேர்த்துக் கிளற வேண்டும்.

பொடித்த உப்பைச் சேர்த்தால் எடை கூடி இரை விரைவாக மூழ்கும். ஆனால் உப்பு கூடினால் இரை எளிதில் கிழியும். உப்பில் ஈரம் இருந்தால் நுரை கிளம்பும். எனவே வாணலியில் வறுத்து, ஆறவைத்த உப்பையே பயன்படுத்த வேண்டும்.

வார்த்தல்

கலவையை அரை நிமிடம் அசையாமல் வைத்தால் குமிழிகள் அடங்கும். பின்னர் மெல்லிய தாரையாக, வால் பகுதியிலிருந்து தொடங்கித் தலையை நோக்கி ஊற்ற வேண்டும். வால் மெல்லியது என்பதால், கலவை நல்ல சூட்டில் இருக்கும்போதே அங்கு சென்று நிறைய வேண்டும். ஆறும்போது சற்றுச் சுருங்கும் என்பதால், அச்சின் விளிம்புவரை நிரப்பலாம்.

பத்து நிமிடங்களில் இரையை எடுத்துவிடலாம். அப்போதும் அது இளகியே இருக்கும். தட்டையான தட்டில் நேராகப் படுக்கவைத்து, ஒருநாள் முழுவதும் விட வேண்டும். வளைந்த நிலையில் ஆறினால் அந்த வளைவு நிலைத்துவிடும், நீரில் இழுக்கும்போது இரை ஒரு பக்கமாகச் சுழலும்.

கிழிந்தவற்றை மீண்டும் உருக்குதல்

பழைய இரைகளிலிருந்து முள்ளையும் ஈயத் தலையையும் அகற்றி, சேற்றைக் கழுவி, நிறவாரியாகப் பிரிக்க வேண்டும். எல்லா நிறங்களையும் கலந்தால் பெரும்பாலும் அழுக்குப் பழுப்பே கிடைக்கும். அதில் கறுப்பு நிறமியைச் சேர்த்துவிடலாம்.

கழுவியவற்றைச் சிறு துண்டுகளாக நறுக்கி, இரண்டு மூன்று நாள் உலர்த்துவது மிக முக்கியம். முள் துளைத்த ஓட்டைகளில் தங்கியிருக்கும் ஒரு துளி நீர்கூட, உருகிய கலவையைக் குவளைக்கு வெளியே தெறிக்கவைக்கும்.

இழுத்தால் பல மடங்கு நீண்டு, விட்டதும் சுருங்கும் இரைகள் வேறு வகைப் பொருளால் ஆனவை. அவை பிவிசியோடு சேராது. உருக்கும்போது மட்டுமின்றி, பெட்டியில் வைக்கும்போதும் அவற்றைத் தனியே வைக்க வேண்டும். பக்கத்தில் வைத்தால் இரண்டும் இளகி ஒட்டிக்கொள்ளும்.

ஒவ்வொரு முறை உருக்கும்போதும் நிறம் சற்றுக் கருத்து, மென்மையும் குறையும். இளக்கியைச் சிறிது சேர்த்தால் மென்மை திரும்பும்.

எங்கே செய்யலாம்?

தரைவீட்டில் இருப்போருக்குக் கூரை மட்டும் உள்ள திறந்த இடம் ஏற்றது. மழைத்தூறல் படாத இடமாக இருக்க வேண்டும். வீவக வீட்டின் பொது நடைபாதையில் இதைச் செய்யக் கூடாது. அங்கு குழந்தைகளும் முதியோரும் நடமாடுகின்றனர், நெடியும் அண்டை வீட்டுக்குள் போகும். சன்னல்களைத் திறந்து, விசிறியின் காற்று வெளியே போகும்படி வைக்க முடியாத வீடாயின், தரைவீட்டு நண்பரின் இடத்தில் கூடிச் செய்வதே நல்லது. சாதாரண முகக்கவசம் வாயுவைத் தடுக்காது. கரிம ஆவி, அமில வாயு இரண்டையும் தடுக்கும் வடிகட்டி பொருத்திய கவசமே பயன் தரும். வேலை முடியும்வரை பிள்ளைகளும் வளர்ப்புப் பிராணிகளும் அருகில் வரக் கூடாது.

சூடான கலவை தோலில் பட்டால், ஒட்டியதைப் பிய்த்தெடுக்கக் கூடாது. தோலும் சேர்ந்து உரிந்துவிடும். குழாய் நீரில் 20 நிமிடங்கள் காட்டிவிட்டு மருத்துவரிடம் செல்ல வேண்டும். பற்பசை, எண்ணெய், சோயா சாஸ் போன்றவற்றைத் தடவக் கூடாது. காயம் பெரிதாக இருந்தாலோ முகத்தில் பட்டிருந்தாலோ 995 எண்ணை அழைக்க வேண்டும்.

நீரில் விடக் கூடாதது

பிவிசி நீரில் மக்காது. கிழிந்த வாலும் அறுந்த புழுவும் நீர்த்தேக்கத்தின் அடியில் ஆண்டுக்கணக்கில் கிடக்கும், மீன்கள் அவற்றை விழுங்கவும் கூடும். நாம் குடிக்கும் நீர் அங்கிருந்துதான் வருகிறது. தூண்டில் பையில் மூடியுள்ள ஒரு சிறு டப்பாவை வைத்துக்கொண்டு, கிழிந்த துண்டுகளை அதில் போட்டுவந்தால், கரை சுத்தமாக இருக்கும். டப்பா நிறையும்போது அடுத்த முறை உருக்குவதற்கான பொருளும் சேர்ந்திருக்கும்.