சமவெளி இருளரும் மொழியிழப்பும்

திருப்பாச்சூர்த் தலபுராணம் இறைவனைப் பாம்பாட்டியாக வந்தவன் என்று கூறும். அவ்வூர் அமைந்த திருவள்ளூர் வட்டாரத்தில் பாம்பு பிடித்தலில் வல்லவர் இருளர். நீலகிரி இருளர் பேசுவது தமிழின் சிதைவன்று, தனித் திராவிட மொழியே என்பதைக் கமில் சுவலெபிலின் 1973ஆம் ஆண்டு நூல் காட்டிற்று. சமவெளி இருளரோ தமிழே பேசுகின்றனர். மாசிமகத்தன்று மாமல்லபுரக் கடற்கரையில் கன்னியம்மனை வழிபடுதலை மட்டும் விட்டிலர்.

1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டத்தின்பின் பாம்புத்தோல் வாணிகம் தடையுற, 1978இல் நஞ்செடுக்கும் கூட்டுறவுச் சங்கம் எழுந்து தொழிலைக் காத்தது. அவ்வாண்டிலேயே கனடாவின் காநவாகே ஊர் மோகாக் பழங்குடியினர் தம் மொழியும் மரபும் பயிலப் பள்ளி கண்டனர். சங்கம் தொழிலைக் காத்தது. சொல்லைக் காப்பது அதன் வேலையன்று. தடம் கண்டே பாம்பினம் கூறும் இருளர் முதியோரின் தொழிற்சொற்களைத் தொகுத்தல் தமிழ்த்துறைகளின் கடன் என்பது எம் கருத்து. அவற்றைக் கொச்சையென ஒதுக்கியதில் எமக்கும் பங்குண்டு.