கடிநாய் கவனம்: ஜிந்துப்பிட்டி ஒழுங்கையிலிருந்து ஒரு வரலாற்று நோக்கு

கொழும்பு 13இல், ஜிந்துப்பிட்டியின் உள் ஒழுங்கைகளில், வீட்டுப் படியிலிருந்து கால் எடுத்து வைத்தால் தெருதான். முருகன் கோயில் மேளமும் செட்டியார் தெருப் பக்கம் சுமை இழுத்துப் போகும் நாட்டாமிகளின் குரலும் முன் அறைக்குள்ளேயே கேட்கும். இத்தகைய வீடுகளின் கேற்றில் தொங்கும் 'கடிநாய் கவனம்' என்ற பலகையில், 'கவனம்' என்ற சொல்லை எச்சரிக்கையாக மட்டுமே இதுவரை வாசித்துவந்தோம். அதைக் கவனிப்பு என்று வாசிக்க நூறாண்டுக்கு மேல் பிடித்திருக்கிறது. அந்த மாற்றத்தையே இக்கட்டுரை தேடிப்போகிறது.

நம் சட்டத்தின் பார்வையில் முதலில் தெரிந்தது நாயின் பல். 1893ஆம் ஆண்டின் நீர்வெறுப்பு நோய்க் கட்டளைச் சட்டமும் 1901ஆம் ஆண்டின் நாய்ப் பதிவுக் கட்டளைச் சட்டமும் கேட்டவை இரண்டே கேள்விகள்: நாய் யாருடையது, அது கட்டப்பட்டிருக்கிறதா? ஏன் கடித்தது என்பது அவற்றின் கவலை அன்று. இதில் நம்மிடம் வழங்கும் உரோம-டச்சுச் சட்டம் சற்று வேறானது. வளர்ப்பு விலங்கு தன் இனத்தின் இயல்புக்கு மாறாக நடந்து தீங்கு செய்தால் உரிமையாளர் ஈடு கொடுக்க வேண்டும். கடிபட்டவரே அதைச் சீண்டியிருந்தால் உரிமையாளர் தப்பலாம். கடிக்கு ஒரு காரணம் இருக்கக்கூடும் என்று சட்டம் ஒப்புக்கொண்ட இடம் இது. ஆனால் அஞ்சிய நாய் கடிப்பதை 'இயல்புக்கு மாறு' என்று இன்று எந்த மிருக வைத்தியரும் சொல்லமாட்டார்.

இன்னொரு திருப்பத்தை மருத்துவம் கொண்டுவந்தது. 1973இல் இலங்கையில் 377 பேர் நீர்வெறுப்பு நோயால் இறந்தார்கள். கடித்த நாயை அடித்துக் கொல்லும் கை ஓங்கியிருந்த காலத்தில், 'கொல்லாதே, கட்டிவைத்து 14 நாள் பார்' என்ற அறிவுரை எளிதில் ஏறக்கூடியதன்று. நோயுள்ள நாய் அந்த நாட்களுக்குள் தன்னைக் காட்டிவிடும் என்பதே கணக்கு. (கடிபட்டவர் அதுவரை காத்திருக்கக் கூடாது, காயத்தைச் சவர்க்காரமிட்டுக் கழுவி உடனே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும்.) கடித்த நாயை உயிரோடு வைத்து உற்றுப்பார்க்கும் பழக்கம் நம்மிடையே நோய்க்காகத்தான் தொடங்கியது எனலாம். 2006இல் தெருநாய்களைக் கொல்வதில்லை என்ற கொள்கை வந்தபின், தடுப்பூசியும் கருத்தடையும் முன்னுக்கு வந்தன. ஆனால் விசர் இல்லாத, தடுப்பூசி போட்ட, வீட்டு நாய் கடித்தால் என்ன செய்வது? அதற்குக் கொள்கை எதுவும் பதில் சொல்லவில்லை.

பதில் வேறு திசையில் உருவாகிக்கொண்டிருந்தது. அதுவும் நேராக வரவில்லை. ஜெர்மானியப் பொலிஸ் அதிகாரி கொன்ராட் மோஸ்ட் 1910இல் எழுதிய பயிற்சி நூலில் வெகுமதியும் இருந்தது, பிரம்பும் இருந்தது. பின்வந்தோர் பெரும்பாலும் பிரம்பையே எடுத்துக்கொண்டனர். 1947இல் ருடோல்ப் ஷெங்கல் பாஸல் விலங்கியல் பூங்காவில் அடைபட்ட ஓநாய்களைக் கவனித்து எழுதியது, 'நாய்க்கு நீ தலைவன் என்று காட்டு' என்ற போதனைக்கு அடித்தளமாயிற்று. அந்தக் கருத்தைத் தம் 1970ஆம் ஆண்டு நூலால் பரப்பிய டேவிட் மீச் என்பவரே, காட்டு ஓநாய்க் கூட்டம் பெரும்பாலும் தாய், தந்தை, குட்டிகள் கொண்ட குடும்பம்தான் என்று 1999இல் திருத்தி எழுதினார். ஆய்வாளர் திருந்திவிட்டார், நாயைப் புரட்டிப்போட்டு அமுக்கும் வழக்கம் இன்னும் திருந்தவில்லை.

மற்ற வழி, நாய்களை வைத்து ஆராய்ந்த பாவ்லோவின் ஆய்வுகூடத்தில் தொடங்குகிறது. 1924இல் மேரி கவர் ஜோன்ஸ், முயலுக்கு அஞ்சிய பீட்டர் என்ற சிறுவன் சாப்பிடும் வேளையில் முயலைத் தூரத்தில் வைத்து, நாளடைவில் அருகே கொண்டுவந்து, அவன் அச்சத்தைக் கரைத்தார். ஜோசப் வோல்ப் ஜொகன்னஸ்பர்க்கில் பூனைகளிடம் இதையொத்ததைச் செய்துபார்த்து, 1958இல் மனிதருக்கான சிகிச்சையாக நூலில் விரித்தார். 1974இல் ஓர் அமெரிக்க உளவியல் இதழில் மூன்று ஆய்வாளர்கள் அதே முறையை வளர்ப்பு நாய்களுக்கு எடுத்துச்சென்றனர். நாயில் தொடங்கிய அறிவு, பிள்ளை, பூனை, மனிதர் என்று சுற்றி அரை நூற்றாண்டுக்கும் மேல் கழித்து நாயிடமே திரும்பியது வேடிக்கைதான். 2009இல் பென்சில்வேனியாவில், நடத்தைச் சிகிச்சைக்கு நாயைக் கொண்டுவந்த 140 பேரிடம் கேட்டதில், அடித்தோ உதைத்தோ பார்த்தவர்களில் 43 சதவீதத்தினர் நாய் பதிலுக்கு எதிர்த்ததாகச் சொன்னார்கள். உறுமலுக்கு அடிவாங்கிய நாய் உறுமுவதை விட்டுவிடும், அஞ்சுவதை விடாது. அடுத்த முறை முன்னறிவிப்பில்லாமல் கடிக்கக்கூடும்.

அச்சத்தைப் படிப்படியாகக் கரைக்கும் முறைக்கெல்லாம் முதல் மூலப்பொருள் தூரம். அந்நியர் தெரிய வேண்டும், ஆனால் நாய் இன்னும் அமைதியாக இருக்கும் அளவு தள்ளித் தெரிய வேண்டும். அப்போதுதான் அதற்குக் கொடுக்கும் இறைச்சித் துண்டு வேலை செய்யும். ஜிந்துப்பிட்டியில் தூரத்துக்கு எங்கே போவது? கேற்றுக்கு வெளியே நடப்பவரின் சாரம் நாயின் மூக்கில் உரசுகிறது. இம்முறையைச் சொல்லும் நூல்கள் புல்வெளி உள்ள நாடுகளில் எழுதப்பட்டவை என்பதைப் படிக்கும்போதே உணரலாம்.

ஆனால் நெருக்கத்துக்கு இன்னொரு முகமும் உண்டு. நாய்களைப் பற்றி ஆய்வாளர்கள் ஸ்கொட்டும் புல்லரும் 1965இல் வெளியிட்ட நீண்டகால ஆய்வின்படி, ஏறத்தாழ மூன்றாம் வாரத்திலிருந்து பன்னிரண்டாம் வாரம் வரை குட்டி பழகிக்கொள்வதே அதன் உலகமாகிறது. ஒழுங்கையிலேயே பிறந்த குட்டிக்கு முச்சக்கரவண்டியும் மேளமும் தாலாட்டு. அந்த வயதில் மொட்டைமாடியில் தனியே சங்கிலியில் கட்டப்பட்டு, சிறுவர் 'சூ' காட்டி உசுப்ப வளர்ந்த, விலைகொடுத்து வாங்கிய நாய்க்கோ ஒவ்வொரு காலடியும் படையெடுப்பு. 'சூக்காட்டுதல்' என்று அதற்கு ஒரு தனிச்சொல்லே வைத்திருக்கிறோம். நாயை வைரவரின் வாகனம் என்று வடைமாலை சாத்துமிடத்தில் கும்பிடுகிறவர்களும் நாம்தாம்.

ஆகவே இங்கே தூரத்துக்குப் பதிலாக நேரத்தையும் மறைப்பையும் கொள்ள வேண்டியிருக்கிறது. ஒழுங்கை வெறிச்சிடும் விடிகாலையில் நடை. கம்பிக் கேற்றின் கீழ்ப்பாதிக்கு ஒரு தகரம் அல்லது பழஞ்சேலை. காலடி கேட்டதும் உள்ளறையில் உணவு, காலடி நின்றதும் உணவும் நிற்பது. முதலில் மிருக வைத்தியர் காது, பல், மூட்டு பார்த்து வலி இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். மூச்சிரைக்கவும் தண்ணீர் குடிக்கவும் இடம்விடும் வாய்க்கூட்டையும், சோற்றை அதற்குள் வைத்தே பழக்கலாம். ஆடிவேல் தேர்த்திருவிழா நாளில் மட்டும் பயிற்சி கிடையாது. தேர் செட்டியார் தெருவை விட்டுக் கிளம்புமுன்பே நாய் பின்னறையில் இருக்க வேண்டும், வானொலி சற்று உரக்க, கதவு சாத்தி.