மலாக்காவில் தொடங்கிய ஜப்பான் பயணம்



நம்ம புக்கிட் பெருவாங்கிலிருந்து மலாக்கா பட்டணத்துக்குப் போனால், சிவப்புக் கட்டடத்துக்குப் பின்னால் செயின்ட் பால் குன்றைக் காணலாம். உச்சியில் கூரையில்லாத பழைய மாதா கோயில். அதன் முன்னே ஒரு வெள்ளைச் சிலை. அந்தச் சிலைக்குரியவர் பிரான்சிஸ் சவேரியார். ஜப்பானுக்குக் கிறிஸ்துவ சமயம் போனதற்கு வழி பிறந்தது இந்த மலாக்காவில்தான் என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

ஸ்பெயின் தேசத்து நவார்ரா பகுதியில் பிறந்த சவேரியார், 1542-இல் தமிழ்நாட்டின் முத்துக்குளித்துறைக்கு வந்தார். தமிழ் தெரியாது. என்ன செய்வார்? இரு மொழியும் தெரிந்தவர்களை உட்கார வைத்து ஜெபங்களைத் தமிழாக்கி, அதை மனப்பாடம் பண்ணி, கையில் மணியை அடித்துக்கொண்டு ஊர் ஊராகப் போய்ச் சொல்லிக் கொடுத்தார். 1545-இல் மலாக்கா வந்தபோது மலாய் மொழியிலும் அப்படியே செய்தார்.

1547 டிசம்பரில் அஞ்சிரோ என்ற ஜப்பானியர் அவரைத் தேடி மலாக்காவுக்கு வந்தார். ககோஷிமா ஊர்க்காரர். ஒரு கொலை செய்துவிட்டு, தப்பிப் போர்த்துகீசியக் கப்பலில் ஏறியவர். மன நிம்மதி இல்லாமல் அலைந்தவர். ஓரளவு போர்த்துகீசும் பேசுவார். ஜப்பானியர் இந்தச் சமயத்தை ஏற்பார்களா என்று சவேரியார் கேட்டார். உடனே ஏற்க மாட்டார்கள். முதலில் நிறையக் கேள்வி கேட்பார்கள், பிறகு சொல்வதும் செய்வதும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்ப்பார்கள் என்றார் அஞ்சிரோ. எவ்வளவு நேர்மையான பதில்!

அஞ்சிரோ கோவா சென்று, 1548-இல் பவுல் என்ற பெயரில் ஞானஸ்நானம் பெற்றார். 1549 ஜூன் 24-ஆம் நாள் சவேரியாரோடு மலாக்காவிலிருந்து ஒரு சீனப் பாய்க்கப்பலில் புறப்பட்டு, ஆகஸ்ட் 15-இல் ககோஷிமாவில் இறங்கினார்.

அங்கே மொழி ஒரு சோதனை வைத்தது. கடவுளைக் குறிக்க அஞ்சிரோ 'டைனிச்சி' என்ற சொல்லைக் கொடுத்திருந்தார். அது பௌத்தர்கள் வணங்கும் ஒரு புத்தரின் பெயர்! கேட்டவர்கள், இதுவும் நம்ம சமயந்தான் போலிருக்கு என்று நினைத்தார்கள். உண்மை தெரிந்ததும் சவேரியார் அதை விட்டு, 'தேயுஸ்' என்ற லத்தீன் சொல்லையே வைத்துக்கொண்டார். தமிழில் கதை வேறு. 1578-இல் கொல்லத்தில் அச்சான நூலுக்கு, நம் சொல்லாலேயே 'தம்பிரான் வணக்கம்' என்று பெயர் அமைந்தது.

சவேரியார் 1552-இல் சீனக் கரையருகே ஒரு தீவில் காலமானார். 1553-இல் அவர் உடல் நம் மலாக்காக் குன்றின் கோயிலில் சில மாதங்கள் அடக்கமாகி இருந்து, பின் கோவாவுக்குப் போனது.

ஜப்பானிலோ காலம் மாறியது. 1597-இல் நாகசாக்கியில் 26 பேர் சிலுவையில் கொல்லப்பட்டார்கள். 1614-இல் நாடு முழுதும் தடை. பிறகு பாதிரியார் இல்லை, கோயில் இல்லை. ஆனாலும் சில குடும்பங்கள் வீட்டுக்குள்ளேயே ஜெபங்களை வாய்மொழியாகப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தன. 1865-இல் நாகசாக்கியில் ஒரு புதிய கோயிலுக்குள் உராகாமி கிராமத்தார் சிலர் வந்து, நாங்களும் உங்களைப் போன்றவர்களே என்று பாதிரியாரிடம் மெல்லச் சொன்னார்கள். இருநூறு வருஷத்துக்கு மேல் காத்து வைத்த இரகசியம் அது! 1873-இல் தடைப் பலகைகள் அகற்றப்பட்டன.

எந்தச் சமயத்தவரானாலும் இதில் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது, பெற்றோர்களே. பள்ளிக்கூடம் சொல்லிக் கொடுப்பது பாதிதான். மீதிப் பாதி வீட்டுச் சாப்பாட்டு மேசையில் இருக்கிறது. அங்கே தமிழ் பேசினால், அது நிலைக்கும்.