293318625600

293318625600 (29,331 கோடியே 86 இலட்சத்து 25 ஆயிரத்து 600) பன்னிரண்டு இலக்க முழு எண். சீனிவாச இராமானுஜன் 1915-இல் வெளியிட்ட உயர் பகு எண் அட்டவணையில் இருந்திருக்க வேண்டிய, ஆனால் விடுபட்டுப்போன ஒரே எண் இது.

தன்னைவிடச் சிறிய எந்த எண்ணுக்கும் இல்லாத அளவு காரணிகளைக் கொண்டது உயர் பகு எண். திண்டுக்கல் சந்தையில் வாங்கிய ஒரு டஜன் சிறுமலைப் பழத்தை இரண்டு, மூன்று, நான்கு, ஆறு, பன்னிரண்டு பேருக்கு மீதியில்லாமல் பங்கிடலாம். பத்துப் பழமென்றால் மூன்று பேர் வந்தாலே ஒன்று மிஞ்சும். 12-க்குக் காரணிகள் 6. அதற்குக் கீழே எந்த எண்ணுக்கும் 4-க்கு மேல் இல்லை.

நம் எண்ணைப் பிரித்தால் 2⁶ × 3⁴ × 5² × 7² × 11 × 13 × 17 × 19. ஒவ்வோர் அடுக்கோடும் ஒன்றைக் கூட்டிப் பெருக்கினால் 7 × 5 × 3 × 3 × 2 × 2 × 2 × 2, அதாவது 5040 காரணிகள். இந்த 5040-உம் உயர் பகு எண்தான். அதற்குக் காரணிகள் 60. அறுபதும் அப்படியே, அதற்கு 12. பன்னிரண்டுக்கு 6, ஆறுக்கு 4 என்று இறங்கும் இந்த வரிசையில் எல்லாமே உயர் பகு எண்கள்.

சென்னைத் துறைமுகக் கழகத்தில் எழுத்தராக இருந்த இராமானுஜன் 1914 மார்ச்சில் இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். மறு ஆண்டே அட்டவணை இடம்பெற்ற கட்டுரை இலண்டன் கணிதக் கழக ஏட்டில் வந்தது. 1916-இல் கேம்பிரிட்ஜ் அவருக்குப் பட்டம் வழங்கியதும் இதற்காகத்தான். கையால் கணக்கிட்ட அட்டவணையில் 102 எண்கள். கடைசி எண் 6746328388800. அதை 23-ஆல் வகுத்தால் கிடைப்பது, விடுபட்ட அதே எண்!

உயர் பகு எண்களின் வரிசையில் இந்த விடுபட்ட எண்ணுக்கு முன்னும் பின்னும் நிற்பவை 240940299600 (4800 காரணிகள்), 321253732800 (5376 காரணிகள்). இரண்டிலும் 23 உண்டு, 7 ஒருமுறைதான். நடுவில் நிற்கும் இதிலோ 23 இல்லை, 7 இருமுறை வருகிறது. அக்கம்பக்கத்தோடு ஒட்டாத இந்த அமைப்பால்தான் கண்ணுக்குத் தப்பியது என்று அறுதியிட முடியாது. ஆனாலும் நூற்றுக்கு மேற்பட்ட எண்களில் ஒன்றே ஒன்று தவறியது அவர் உழைப்பின் நுணுக்கத்தையே காட்டுகிறது.

போர்க்காலப் பண நெருக்கடியால் கட்டுரையின் ஒரு பகுதி அப்போது அச்சேறவில்லை. ழான்-லூயி நிக்கோலா, கி ரோபேன் ஆகிய பிரெஞ்சுக் கணிதர்கள் குறிப்புகளோடு அதை 1997-இல் வெளியிட்டனர். ரோபேன் 1984-லேயே, காரணிகளின் கூடுதல் பற்றிய ஒரு சமனின்மை 5040-க்கு மேற்பட்ட எல்லா எண்களுக்கும் பொருந்தினால், பகா எண்களின் பரவலோடு தொடர்புடைய ரீமான் கருதுகோள் உண்மை, பொருந்தாவிட்டால் பொய் என நிறுவியிருந்தார். ரீமான் கருதுகோளை உண்மையென்று கொண்டால், போதிய அளவு பெரிய எண்களுக்கு அதே சமனின்மை பொருந்தும் என்பதை இராமானுஜன் அந்த அச்சேறாத பக்கங்களில் எழுதி வைத்திருந்தார்.